பனி அகற்றும் தோட்ட உழவு இயந்திரம் வழுக்காதிருக்க

பெரும்பாலான தோட்ட உழவு இயந்திரங்களைப் பின் சக்கரங்களே நகர்த்துகின்றன. முன்புறத்தில் பனி தள்ளும் தகட்டைப் பொருத்தியதும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பின் சக்கரங்கள் பிடிமானம் இழக்கின்றன. சரிவான வாகனப் பாதையில் இயந்திரம் வீதிக்கே சறுக்கிச் செல்லக்கூடும். ஆகவே, பனிக்காலத்திற்கு முன்னரே ஆயத்தமாகுங்கள்.

1. சங்கிலி: பின் ரயர்களுக்குப் பொருந்தும் அளவுடையதைப் பூட்டுங்கள். சில நிமிடங்கள் ஓட்டியபின் நிறுத்தி, மீண்டும் இறுக்குங்கள்.

2. பாரம்: பின் சக்கரங்களிலோ இயந்திரத்தின் பின்புறத்திலோ எடைகளைப் பொருத்துங்கள். கையேடு கூறும் எல்லையை மீறாதீர்கள். ரயருக்குள் வெறும் நீரை நிரப்ப வேண்டாம், அது உறைந்துவிடும்.

3. காற்றழுத்தம்: குளிரில் குறையும், அளந்து சரிசெய்யுங்கள்.

4. ஓட்டும் முறை: சரிவில் குறுக்காக ஓட்டாது, மேலும் கீழுமாக மெதுவாக ஓட்டுங்கள்.

சங்கிலியும் பாரமும் வழுக்கலைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்கா. செங்குத்தான சரிவைக் கைச்சவளால் துப்புரவு செய்வதே பாதுகாப்பானது. மூடிய வாகனக் கொட்டகையினுள் இயந்திரத்தை இயக்காதீர்கள். அதன் நச்சுப்புகை உயிரைப் பறிக்கும். அனுமதியின்றிப் பனியை வீதியில் தள்ளுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடைசெய்கிறது. அதனை உங்கள் காணியின் ஓரத்திலேயே குவியுங்கள்.