பூங்காவுக்குள்ள மரம் நிக்குது, காப்பாத்தினது பூங்காதானா?

இந்த வார எபிசோடில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காடுகளைக் கண்காணிப்பது பற்றிப் பேசினோம். அதோட தொடர்ச்சி இது. எங்கே மரம் போச்சுன்னு பிக்சல் பிக்சலா தெரியுது. அப்போ ஒரு தேசியப் பூங்கா வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்கிறது சுலபம்தானே? உள்ளே எவ்வளவு அழிஞ்சது, வெளியே எவ்வளவு அழிஞ்சதுன்னு பார்த்துக் கழிச்சா போதுமே?

போதாது. ஒரு டியூஷன் சென்டர் "எங்க பிள்ளைகள் எல்லாருக்கும் ஏ" என்று விளம்பரம் போடுதுன்னு வைங்க. நுழைவுத் தேர்வு வைத்து நல்லாப் படிக்கிறவங்களை மட்டும் சேர்த்திருந்தா, அந்த ஏ யாருடைய சாதனை? (சனிக்கிழமைகளை டியூஷன்ல தொலைச்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.)

பூங்காக்களும் அப்படித்தான். லூகாஸ் ஜோப்பா, அலெக்ஸாண்டர் பாஃப் இருவரும் 2009இல் 147 நாடுகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஆராய்ந்தார்கள். அவை பெரும்பாலும் உயரமான, சரிவான, ரோட்டுக்கும் நகரத்துக்கும் தூரமான இடங்களில் இருந்தன. அரசியல் ரீதியா இது புரியுது: யாருக்கும் வேண்டாத நிலத்தைக் காப்பாத்தினா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. ஆனா அங்கே சட்டமே இல்லாட்டியும் மரம் நின்றிருக்கும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பூங்கா இல்லாமலே இருந்திருந்தா இதே நிலத்துக்கு என்ன ஆகியிருக்கும்? நடக்காத ஒன்றை எந்த செயற்கைக்கோளும் படம் பிடிக்காது. ஆப் உலகத்தில் ஏ/பி டெஸ்ட் வைப்பாங்க. காட்டுக்கு அதைச் செய்ய முடியாது, நாணயம் சுண்டியா பூங்கா அமைக்க முடியும்?

இதுக்கு ஒரு வழியை கோஸ்டா ரிக்காவில் செய்து காட்டினார்கள். குவாவ் ஆண்டம், பால் ஃபெராரோ குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. 1960 முதல் 1997 வரையான காட்டு வரைபடங்களை எடுத்துக்கொண்டு, பூங்காவுக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் வெளியே ஒரு ஜோடி தேடினார்கள். விவசாயத்துக்கு அதே அளவு தகுதி, ரோட்டிலிருந்து அதே தூரம், காட்டின் விளிம்பிலிருந்து அதே தூரம், நகரத்திலிருந்து அதே தூரம். ஒரே வித்தியாசம், ஜோடிக்குப் பாதுகாப்பு இல்லை. இதுக்குப் பேர் மேட்சிங்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பூங்காவுக்குள் 100 ஏக்கரில் 2 அழிஞ்சது, வெளியே 100க்கு 40. சாதாரணக் கணக்கில் பூங்கா காப்பாத்தினது 38. ஆனா வெளியே இருக்கிற ஜோடி நிலங்களை மட்டும் பார்த்தா 12தான் அழிஞ்சிருக்கு. அப்போ உண்மையான பலன் 10.

கோஸ்டா ரிக்காவில் வந்த விடை: பாதுகாக்கப்பட்ட காட்டில் சுமார் 10% மட்டுமே பாதுகாப்பு இல்லாவிட்டால் அழிந்திருக்கும். வழக்கமான கணக்கு பலனை 65%க்கும் மேல் கூட்டிக் காட்டியது. பூங்காவே வேஸ்ட்னு இதுக்கு அர்த்தம் இல்லை. 10% என்பது நிஜக் காடு.

இன்னொரு சிக்கல், கசிவு. உள்ளே வெட்ட முடியாதவங்க பக்கத்துல போய் வெட்டினா, வெளியே அழிவு கூடும், பூங்கா இன்னும் நல்லாத் தெரியும்! கோஸ்டா ரிக்காவில் இதைத் தனியாச் சோதித்தார்கள், கிட்டத்தட்ட இல்லை. எல்லா நாட்டிலும் அப்படித்தான் இருக்கும்னு எடுத்துக்காதீங்க. அதோட, அளந்த விஷயங்களை வைத்துத்தான் ஜோடி சேர்க்க முடியும். அந்த ஊர் எம்.பி. யார், நிலச் சொந்தக்காரர் யார் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

இது ஏன் இப்போ முக்கியம்? 2022இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் 2030க்குள் 30% நிலத்தைப் பாதுகாப்பதா ஒப்புக்கொண்டன. இலக்கை எண்ணுவது பரப்பளவில். பரப்பளவு மட்டும்தான் மார்க்னா, யாருக்கும் வேண்டாத மலையுச்சிதான் மலிவான மார்க். புல்டோசர் நிக்கிற சமவெளிக் காடு காத்திருக்கும்.

நீங்களே பார்க்கணும்னா, குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தில் ஒரு பூங்காவைத் திறங்க. அங்கே ரப்பர் தோட்டமும் மரம்னு கணக்காகும், அதைக் கவனிங்க. உள்ளே பச்சையா இருக்கேன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, பக்கத்து ரோடு எவ்வளவு தூரம்னு அளந்துடுங்க.