குளிர் காத்த காடு

நுழையும்முன்

கடுங்குளிர் உயிர்களை வருத்தும். சில காடுகளைக் காப்பதும் அதுவே. பனிக்காலத்தின் குளிர் குறைந்தால் காட்டிற்கு நேர்வது யாது என்பதைச் சிறு பூச்சியொன்றின் வாழ்க்கை வழியே இப்பாடம் விளக்குகிறது.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலைகளில் ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரங்கள் ஓங்கி வளர்கின்றன. பல நூற்றாண்டுகள் வாழவல்ல இம்மரங்களின் அடர்நிழல் மலையோடைகளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. அவ்வோடைகளில் வாழும் டிரவுட் மீன்களுக்கு அக்குளிர்ச்சி இன்றியமையாதது.

இம்மரங்களை இன்று அழித்துவருவது ஹெம்லாக் கம்பளி அசுவினி. ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சிறிய இப்பூச்சி, ஜப்பானிலிருந்து வந்த அயல் இனம். கிழக்குப் பகுதியில் 1951ஆம் ஆண்டு, வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகருக்கருகே இது முதலில் கண்டறியப்பட்டது. ஜப்பானில் இதனை உண்ணும் பூச்சிகளும் இதன் தாக்குதலைத் தாங்கும் மரங்களும் உள்ளன. வந்த இடத்தில் அவ்விரு தடைகளும் இல்லை.

பூச்சிகள் பல கோடையில் உண்டு குளிரில் ஓய்வுகொள்ளும். இதுவோ கோடையில் ஓய்ந்து குளிரில் உண்ணும். இலையுதிர்காலத்தில் விழித்தெழுந்து, இலையின் அடியில் உறிஞ்சுகுழலைச் செலுத்தி, மரம் சேமித்த உணவை உறிஞ்சுகிறது. பனிக்கால முடிவில், பஞ்சு போன்ற வெண்ணிற உறைக்குள் முட்டையிடுகிறது. அடுத்த தலைமுறை இளவேனிலிலேயே வளர்ந்து முட்டையிட்டுவிடும். இங்குள்ளவை யாவும் பெண்பூச்சிகள், ஆணின்றியே இனம்பெருக்குபவை. எனவே, எஞ்சிய ஒரு பூச்சியும் ஒரு கூட்டமாகப் பெருகும்.

இப்பெருக்கத்தைத் தடுத்துவந்தது குளிரே. வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் அளவிற்கு இறங்கினால் இவற்றுள் பெரும்பாலானவை மடியும். பனிக்காலம் வெப்பமுறும்போது அவை பிழைத்து, இளவேனிலில் பன்மடங்காகின்றன. காற்றும் பறவைகளும் மனிதரும் சுமந்துசெல்ல, முன்பு குளிரால் காக்கப்பட்ட வடதிசைக் காடுகளிலும் அவை நிலைபெறுகின்றன. 2017ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலும் இப்பூச்சி கண்டறியப்பட்டது. தாக்குண்ட மரங்கள் பல, பத்தாண்டுகளுக்குள் பட்டுப்போகின்றன. நிழல் அகல, ஓடையும் வெப்பமடைகிறது.

இதனைக் கட்டுப்படுத்த, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள ஒருவகை வண்டினத்தை அறிஞர்கள் கிழக்குக் காடுகளில் விடுகின்றனர். இவ்வண்டும் குளிர்காலத்திலேயே இரைதேடுவது. ஆகவே, அசுவினி உண்ணும் காலத்தில் அதனை உண்கிறது. எனினும், இழந்த குளிரை வண்டுகளால் மீட்டுத்தர இயலாது. சில டிகிரி வெப்பநிலை வேறுபாடு நமக்குச் சிறிதாகத் தோன்றலாம்; ஹெம்லாக் காட்டிற்கு அது வாழ்வுக்கும் அழிவுக்கும் இடைப்பட்ட எல்லை.