டாக்டருக்கு வந்த சம்பளம் நர்ஸுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் கிராமம் எங்களுடையது. இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டருக்கு மாதம் தவறாமல் சம்பளம் வந்துவிடுகிறது. அதே கட்டடத்தில் ஒப்பந்த நர்ஸாக இருக்கும் என் தங்கைக்கு ஏப்ரல், மே சம்பளம் ஜூனில்தான் கைக்கு வந்தது. கேட்டால், "பட்ஜெட் இன்னும் வரலைம்மா" என்கிறார்கள். பட்ஜெட் வராவிட்டால் டாக்டருக்கு மட்டும் எப்படி வந்தது?

- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: பாதிப் பதிலைக் கேள்வியின் கடைசி வரியிலேயே வைத்துவிட்டீர்கள். பட்ஜெட்தான் காரணம் என்றால் இருவருக்கும் அல்லவா நின்றிருக்க வேண்டும்? உங்கள் சந்தேகம் நியாயமானது. முதலில் பட்ஜெட்டைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவோம்.

பட்ஜெட் தள்ளிப்போனால் அரசிடம் பணம் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி நடப்பதில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 206-ஆவது பிரிவு, முழு பட்ஜெட் நிறைவேறும்வரை சில மாதச் செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் தரும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. இதற்கு முன்பண மானியம் என்று பெயர். தேர்தல் ஆண்டில் நாம் இடைக்கால பட்ஜெட் என்று சொல்கிறோமே, அதோடு சேர்ந்து வருவது இதுதான். 2021-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 23-ஆம் தேதி ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் தாக்கல் செய்தார். பிறகு தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட்டைக் கொண்டுவந்தபோது ஆகஸ்ட் 13 ஆகிவிட்டது. நடுவில் கொரோனாவின் இரண்டாம் அலையே வந்து போனது. முழு பட்ஜெட் இல்லை என்பதற்காக அந்த மாதங்களில் கருவூலங்கள் பூட்டிக் கிடக்கவில்லை.

பட்ஜெட் நின்றால் பணமும் நிற்கும் நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் ஒத்துப்போகாமல், 2015 ஜூலை முதல் 2017 ஜூலை வரை முழு பட்ஜெட்டே இல்லை. மருத்துவமனைகளுக்கும் சேவை அமைப்புகளுக்கும் மாநிலம் தர வேண்டிய பாக்கி 1,400 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே ஒருவர் "பட்ஜெட் வரலை" என்று சொன்னால் நம்பலாம். செங்கல்பட்டில் சொன்னால் மேலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

இந்தப் பேச்சு எங்கிருந்து முளைத்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. நிரந்தர அரசு ஊழியருக்கு மாதத்தின் கடைசி வேலைநாளில் சம்பளம் கிடைக்கும். மார்ச் சம்பளம் மட்டும் ஏப்ரல் தொடக்கத்தில் வரும். புதிய நிதியாண்டின் கணக்கில் அதை எழுதுவதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. ஆண்டுதோறும் இதைப் பார்த்துப் பழகியவர்கள், ஏப்ரலில் எது தாமதமானாலும் அதற்குப் பட்ஜெட் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

இனி உண்மைக் காரணத்துக்கு வருவோம். உங்கள் ஊர் டாக்டரும் உங்கள் தங்கையும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்குச் சம்பளம் தரும் பைகள் வேறு வேறு. டாக்டர் மாநில அரசின் நிரந்தர ஊழியர். அவருடைய சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகும். அந்தச் செலவுக்கென்று கணக்குத் தலைப்பு, அதாவது அரசுக் கணக்கில் அதற்கென ஒதுக்கிய தனி எண், ஏற்கெனவே இருக்கிறது. பட்டியலைப் போட்டதும் பணம் வங்கிக்குப் போய்விடும். துப்புரவுப் பணியாளர், காவலாளி ஆகியோர் பெரும்பாலும் தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அரசு நிறுவனத்துக்குத் தரும், நிறுவனம் அவர்களுக்குத் தரும். 108 ஆம்புலன்ஸ் ஊழியருக்குச் சம்பளம் தருவது அந்தச் சேவையை நடத்தும் நிறுவனம். மாவட்டத்துக்குள்ளேயே திருமணியில் இருக்கும் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மத்திய சுகாதாரத் துறையுடையது, கல்பாக்கம் மருத்துவமனை அணுசக்தித் துறையுடையது. அவர்களுக்கு டெல்லியின் பை. ஒரு பை வற்றினால் அடுத்த பைக்கு அது தெரியவே தெரியாது.

உங்கள் தங்கையின் பைதான் இவற்றில் சிக்கலானது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பலருக்குத் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் திட்டப் பணத்திலிருந்துதான் ஊதியம். கிராமப்புறங்களுக்காக 2005-இல் தொடங்கி, 2013-இல் நகரங்களையும் சேர்த்துக்கொண்ட மத்திய-மாநிலக் கூட்டுத் திட்டம் இது. தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. அரசாணையில் இதைச் சம்பளம் என்று எழுதுவதில்லை, தொகுப்பூதியம் என்பார்கள்: படிகள் இல்லாத ஒரே தொகை. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஒப்பந்த நர்ஸுகள் திரண்டு போராடியபோது அந்தத் தொகை மாதம் 7,700 ரூபாய். வேலை உத்தரவும் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான். அதை நீட்டிக்கும் ஆணை மேசையில் கிடந்தால், வேலை நடக்கும், ஊதியம் நிற்கும்.

பணம் வரும் வழியைப் பாருங்கள். டெல்லியில் ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்க வேண்டும். மத்தியப் பங்கு முதலில் மாநிலக் கருவூலத்துக்கு வரும். 2014-க்கு முன்பு அது மாநில நலவாழ்வுச் சங்கத்துக்கே நேராகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது நிதித் துறை ஆணை போட்டு, மாநிலப் பங்கையும் சேர்த்து, ஒற்றைக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். திட்டம் ஒன்றுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே வங்கிக் கணக்கு என்று மத்திய நிதி அமைச்சகம் 2021-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அங்கிருந்து மாவட்ட நலவாழ்வுச் சங்கம், வட்டாரம், கடைசியில் உங்கள் தங்கை.

அந்த 2021 விதிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மத்தியப் பங்கில் ஒரு நேரத்தில் கால் பங்குக்கு மேல் விடுவிப்பதில்லை. விடுவித்ததில் முக்கால் பங்காவது செலவாகி, மாநிலத்தின் பங்கும் கணக்கில் ஏறியிருந்தால்தான் அடுத்த தவணை. இதற்கு மேல் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது கொடுத்த பணத்தை இன்னதற்குச் செலவழித்தோம் என்று எழுதித் தரும் உறுதி. பணம் ஊர் ஊராகக் கணக்குகளில் தூங்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதிகள் இவை. நோக்கத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஏதோ ஒரு மூலையில் கட்டடப் பணி முடியாமல் செலவுக் கணக்கு முக்கால் பங்கைத் தொடவில்லை என்றால், அதற்கும் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கும் நர்ஸுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும், காத்திருப்பது அவர்தான். மதுராந்தகம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தாலும், கடைமடை வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது நடுவிலுள்ள மடைகளைப் பொறுத்தது. அதே கதை.

மத்தியப் பங்கு கைக்கு வந்த பிறகும் மாநிலம் முப்பது நாளுக்கு மேல் அதை அனுப்பாமல் வைத்திருந்தால், ஆண்டுக்கு 7 சதவீத வட்டி கட்ட வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அந்த வட்டி போவது டெல்லிக்கு. தாமதத்தால் கைமாற்று வாங்கிய நர்ஸுக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

மத்திய, மாநில அரசுகள் சண்டையிட்டுக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். கேரளத்தில் 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளர்கள் உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? ஊதிய உயர்வோடு நிலுவைத் தொகையும் அவர்களுடைய கோரிக்கை. தர வேண்டியதைத் தந்துவிட்டோம், கேரளம் பயன்பாட்டுச் சான்றிதழைத் தரவில்லை என்றார் மத்திய அமைச்சர் நட்டா. எல்லாம் கொடுத்தாகிவிட்டது, சுகாதார நிலையங்களுக்கு டெல்லி சொன்ன பெயரை வைக்காததால் 636 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்திவைத்துவிட்டார்கள் என்றது மாநிலம். பெயர்ப் பலகையில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்ற தகராறுக்கு வீடு வீடாக நடக்கும் பெண்களின் ஊதியம் பிணையாகப் போனது. நம் மாநிலத்தில் இதன் பள்ளிக்கூட வடிவத்தைப் பார்த்தோம்: சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தியபோது, அத்திட்ட ஊழியர்களின் சம்பளம் தள்ளிப்போனது.

தீர்வே இல்லையா என்றால், இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். மத்தியத் தவணை வரும்வரை மாநிலம் தன் பணத்திலிருந்து ஊதியத்தை மட்டும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு ஈடுசெய்துகொள்ளலாம். ஊதியத்தைக் கட்டடம், கருவி, பயிற்சிச் செலவுகளோடு ஒரே தவணையில் கட்டிப்போடுவதுதான் கோளாறு என்பது என் கருத்து. துப்புரவுப் பணியாளர்களுக்கோ சட்டத்திலேயே வழி இருக்கிறது: ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய முதன்மை முதலாளி அதைக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. மருத்துவமனை வாசலில் இதைச் சொன்னால் பலர் முதல்முறையாகக் கேட்பதுபோல் பார்ப்பார்கள்.

உங்கள் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை "பட்ஜெட் வரலை" என்று பதில் வந்தால், அவரும் உடன் வேலை செய்பவர்களும் சேர்ந்து மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடட்டும். மூன்று கேள்விகள் போதும்: எங்கள் ஊதியம் எந்தத் திட்டத் தலைப்பில் வருகிறது? கடைசித் தவணை எந்தத் தேதியில் மாவட்டத்துக்கு வந்தது? எங்கள் பணி நீட்டிப்பு ஆணை எந்தத் தேதியில் கையெழுத்தானது? முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். மனுக் கட்டணம் பத்து ரூபாய்.