முள்ளு பூச்சியத்தில் நின்றாலும் அமுக்கம் உண்டு

வேன் டயருக்கு "முப்பது இறாத்தல் காத்து அடிங்க" என்கிறோம். ஒரு சதுர அங்குலத்திற்கு 30 இறாத்தல் என்பதே இதன் கருத்து. ஆனால் மானியில் தெரிவது முழு அமுக்கம் அல்ல. நம்மைச் சுற்றியுள்ள காற்றும் எல்லாப் பக்கமும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மானி அதை விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்டதை மட்டுமே காட்டும். டயர் பஞ்சராகி முள்ளு பூச்சியத்துக்கு வந்தாலும் உள்ளே வெளிக்காற்றின் அமுக்கம் இருக்கத்தான் செய்யும்.

மானி அமுக்கத்தோடு வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டினால் வருவது தனி அமுக்கம். கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 14.7 இறாத்தல். ஆகவே கொழும்பில் 30 காட்டும் டயரின் தனி அமுக்கம் 44.7. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிந்து சுமார் 11.8 தான். அதே 30 அங்கே 41.8 ஆகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வாயு விதிக் கணக்கில் மானி எண்ணை அப்படியே போட்டுவிடக் கூடாது. தனி அமுக்கத்தைத்தான் போட வேண்டும். (1 இறாத்தல் என்பது ஏறத்தாழ 6.9 கிலோ பஸ்கால்.)

வெற்றிட மானியில் கணக்கு தலைகீழ். வெளிக்காற்றை விட உள்ளே எவ்வளவு குறைவு என்பதையே அது காட்டும். ஆகவே கழிக்க வேண்டும். இரச அங்குலத்தில் கொழும்புக் காற்று ஏறக்குறைய 30, நுவரெலியாவில் 24. மானி 20 காட்டினால் கொழும்பில் மிச்சம் 10, நுவரெலியாவில் வெறும் 4.

இதனால் லயத்து மக்களுக்கு என்ன? தண்ணி மோட்டார்தான்! பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது உறிஞ்சு குழாய்க்குள் அமுக்கத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. குழாயில் முழு வெற்றிடமே கிடைத்தாலும் கடல் மட்டத்தில் 34 அடிக்கு மேல் தண்ணீர் ஏறாது. நுவரெலியா உயரத்தில் 27 அடிதான். நடைமுறையில் 20 அடி ஏறினாலே பெரிய காரியம்.

ஓடையிலிருந்து 30 அடி மேலே மோட்டாரை வைத்துவிட்டு, தண்ணி வரல்லையே என்று வீட்டுக்கு வீடு காசு சேர்த்துப் பெரிய மோட்டார் வாங்கினால் அந்தக் காசு வீண். குதிரைவலு கூடினாலும் காற்றின் அமுக்கம் கூடாது. இருக்கிற மோட்டாரையே கீழே இறக்கி, தண்ணீர் மட்டத்திலிருந்து 10, 15 அடிக்குள் வையுங்கள். மழை வெள்ளம் எட்டாத மேடை கட்டாயம் வேண்டும். உறிஞ்சு குழாயின் மூட்டுகளில் காத்துப் புகாமல் இறுக்குங்கள். அங்கிருந்து மேலே தள்ளுவதற்குத்தான் மோட்டாரின் வலு உதவும்.