மடிக்கணனி இயங்க மறுத்தால்

தோட்டத்தில் நீர்ப்பம்பியைப் பலமுறை கயிறு இழுத்தும் இயங்காவிட்டால் நாம் உடனே அதைக் கழற்றிப் பிரிப்பதில்லை. எண்ணெய் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று வெளியிலிருந்து உள்ளே போகிறோம். மடிக்கணனிக்கும் இதே ஒழுங்குதான்.

இன்று பல வீடுகளில் பிள்ளையின் பாடக் குறிப்புகளும், காணி உறுதியின் பிரதியும், குடும்பப் படங்களும் ஒரே மடிக்கணனிக்குள் இருக்கின்றன. அது ஒருநாள் இயங்காவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று பதறுகிறோம். கணனி பழுதாவது வேறு. அதற்குள் இருப்பவை அழிவது வேறு. பெரும்பாலும் முதலாவதுதான் நடக்கிறது. இரண்டாவது, பின்னர் நாம் அவசரப்பட்டுச் செய்யும் வேலையால் நடக்கிறது.

முதலில் பழுது எந்த வகை என்று பாருங்கள்.

1. வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை

இது பெரும்பாலும் மின்சாரம் வந்து சேராத குறை. சுவரில் உள்ள பிளக்கில் வேறொரு பொருளைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சார்ஜரின் வயர் மடிந்த இடங்களையும் எலி கடித்த இடங்களையும் தேடுங்கள். வேறு சார்ஜர் வாங்குவதாயின் பழையதில் அச்சிட்டுள்ள வோல்ற் அளவு அதேயாக இருக்க வேண்டும். அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. செருகும் முனையும் பொருந்த வேண்டும். பற்றரி முற்றாக இறங்கியிருந்தால் அரைமணி நேரம் சார்ஜில் விட்டுப் பாருங்கள்.

அதற்கும் இயங்காவிட்டால் சார்ஜரையும், செருகியுள்ள மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளியே எடுக்கக்கூடிய பற்றரியாயின் அதையும் எடுங்கள். இயக்கும் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பின் சார்ஜரை மட்டும் செருகி ஒருமுறை அழுத்துங்கள். பல கணனிகள் இதனாலேயே எழுந்துவிடுகின்றன.

2. வெளிச்சம் உண்டு, திரை இருட்டு

அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்கு மட்டுமே பழுது. தொலைக்காட்சியோடு வயரால் இணைத்தும் பார்க்கலாம்; அதில் படம் வந்தால் கணனி நலம். 'பீப்' என்ற சத்தம் கேட்டால் எத்தனை தடவை என்று எண்ணி எழுதி வையுங்கள். திருத்துபவருக்கு அது நல்ல தடயம்.

3. தயாரிப்பாளரின் சின்னம் வந்து நின்றுவிடுகிறது

பென் ட்றைவ் செருகியிருந்தால் கழற்றுங்கள். சில வேளை கணனி அதிலிருந்து தொடங்க முயன்று நின்றுவிடும். விண்டோஸ் 10, 11 உள்ள கணனிகளில், சில தடவை தொடங்க முடியாமற் போனால் திருத்தும் பக்கம் தானாக வரும். அதில் 'ஸ்ராட்டப் றிப்பெயார்' என்பதைத் தெரிவு செய்யலாம். 'றீசெற்' என்பதைத் தொடாதீர்கள். தவறான தெரிவு உள்ளே இருப்பவற்றை அழித்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள்

அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, விரலால் தடவும் பலகை மேலெழுந்திருந்தாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம். தீப்பிடிக்கும். தண்ணீர் பட்டிருந்தால் உடனே நிறுத்திச் சார்ஜரைக் கழற்றுங்கள். "இயங்குகிறதா பார்ப்போம்" என்று பொத்தானை அழுத்துவதுதான் பெரும் கேடு. அடுப்பங்கரையில் வைத்துக் காய வைக்கவும் வேண்டாம்.

கடைக்குக் கொண்டு போகும்போது

"விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரிவரும்" என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிப் போடும்போது உள்ளே இருப்பவை அழியக்கூடும். ஆகவே, "முதலில் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துத் தாருங்கள், பிறகு திருத்துங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல மடிக்கணனிகளில் சேமிப்புத் தட்டைக் கழற்றி வேறு கணனியில் இணைத்துப் படிக்க முடியும். புதிய விண்டோஸ் கணனிகளில் அது பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்க 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவை. கணனி நன்றாக இருக்கும்போதே அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கைக்கு அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தவர்கள் நாம். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உறுதியின் பிரதி ஒன்று பென் ட்றைவில், இன்னொன்று வேறூரில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும். மூல உறுதி நனையாத பையில் இருக்கட்டும். கணனியில் உள்ள படம் அதற்கு ஈடாகாது.

கூடிப் பேசுவோம்

1. எங்கள் கணனி நாளை இயங்காவிட்டால் எவற்றை இழப்போம்?
2. அவற்றின் பிரதி வேறு எங்கே இருக்கிறது?
3. இந்த வாரமே பிரதி எடுக்க வேண்டியவை எவை? யார் எடுப்பது?