பிங், டிரேஸ்ரூட், டெல்நெட்: எந்தக் கோளாறுக்கு எது?

கிளை அலுவலகத்தில் சர்வர் கிடைக்கவில்லை என்று புகார் வந்ததும், சிஸ்கோ ரூட்டரின் கன்சோலில் பலரும் முதலில் அடிப்பது பிங். அதற்கு முன் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' அடித்துவிடுங்கள். ஸ்டேட்டஸ், புரோட்டோகால் இரண்டும் 'அப்' என்றால்தான் பிங்குக்கு வேலை. 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்றிருந்தால் அந்த போர்ட்டுக்கு 'நோ ஷட்டவுன்' கொடுக்கப்படவில்லை. வெறும் 'டவுன்' என்றால் கேபிளையும் எதிர்முனையையும் பாருங்கள்.

பிங், சிஸ்கோ ரூட்டரில் 100 பைட் அளவில் 5 பாக்கெட்டுகளை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி காத்திருக்கும். பதில் வந்தால் ஆச்சரியக்குறி, வராவிட்டால் புள்ளி. முதலில் மட்டும் ஒரு புள்ளி விழுந்தால் கவலை வேண்டாம். ஏஆர்பி முடிவதற்குள் அந்தப் பாக்கெட் போய்விட்டது. மறுபடி அடித்தால் ஐந்தும் வரும். இடையிடையே புள்ளி விழுந்தால்தான் 'ஷோ இன்டர்ஃபேசஸ்' பார்த்து சிஆர்சி பிழைகள் ஏறுகின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

ஆனால் சாதாரண பிங்கை மட்டும் நம்பி "நெட்வொர்க் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடக் கூடாது. அது வெளியேறும் இன்டர்ஃபேஸின் முகவரியை, பெரும்பாலும் வேன் பக்க முகவரியை, அனுப்புநராகப் போட்டுக்கொள்ளும். தலைமை அலுவலக ரூட்டருக்கு அந்த வேன் இணைப்பு தெரியும். ஆனால் கிளையின் லேனுக்குத் திரும்பும் ரூட் இல்லாமல் இருக்கலாம். அப்போது உங்களுக்கு ஐந்து ஆச்சரியக்குறிகள், ஊழியர்களுக்கு ஒன்றுமே இல்லை. எக்ஸ்டெண்டட் பிங்கின் அருமை இங்கேதான். எனேபிள் நிலையில் 'பிங்' என்று மட்டும் அடித்து என்டர் தட்டினால் கேள்விகள் வரும். சோர்ஸ் என்ற இடத்தில் லேன் முகவரியைக் கொடுங்கள். ஊழியரின் கணினிக்குப் பதில் திரும்பி வருமா என்பது அப்போதுதான் விளங்கும். டனல் வழியே லாகின் ஆகிறது, பெரிய ஃபைல் மட்டும் நின்றுவிடுகிறது என்றால், அதே கேள்விகளில் அளவை 1500 ஆக்கி, டிஎஃப் பிட்டையும் போட்டுப் பாருங்கள். சின்னது போய்ப் பெரியது போகாவிட்டால் எம்டியு சிக்கல்.

லேன் முகவரியிலிருந்தும் பதில் இல்லையா? இப்போது டிரேஸ்ரூட். நடுவில் நட்சத்திரங்கள் வந்தாலும் அடுத்த ஹாப் பதில் தந்தால் பாதை உடையவில்லை. அந்த ரூட்டர் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான். கடைசியாகப் பதில் தந்த ரூட்டரில் 'ஷோ ஐபி ரூட்' பார்த்துத் தொடங்குங்கள். இரண்டு முகவரிகளே மாறி மாறி வந்தால் ரூட்டிங் லூப். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தி நிறுத்திவிடலாம். சிஸ்கோ இதற்கு யுடிபி பாக்கெட் அனுப்புகிறது, விண்டோஸ் ஐசிஎம்பி அனுப்புகிறது. ஆகவே நடுவில் ஃபயர்வால் இருந்தால் இரண்டின் விடையும் வேறுபடலாம்.

பிங் போகிறது, அப்ளிகேஷன் மட்டும் திறக்கவில்லை என்றால் 'டெல்நெட்' அடித்து, சர்வர் முகவரியோடு 443 போன்ற போர்ட் எண்ணையும் கொடுங்கள். 'ஓபன்' என்றால் போர்ட் வரை வழி இருக்கிறது. உடனே 'ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் சர்வீஸ் ஓடவில்லை. சர்வர் பொறுப்பாளரை அழையுங்கள். வெகுநேரம் காத்து டைம் அவுட் ஆனால் வழியில் உள்ள ஆக்சஸ் லிஸ்ட்டையோ ஃபயர்வாலையோ சந்தேகியுங்கள். இது டிசிபி போர்ட்டுகளுக்கு மட்டுமே உதவும். டிஎன்எஸ் மீது சந்தேகம் என்றால் ஊழியரின் கணினியிலேயே 'என்எஸ்லுக்கப்' ஓட்டிப் பாருங்கள்.