கொல்லைக் கோழியும் அடுத்த வீட்டாரும்

கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்பது கிராமத்தில் ஒரு செய்தியே அன்று. குற்றாலம் பேரூராட்சி, தென்காசி நகராட்சி போன்ற இடங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருப்பதால் அதுவே வழக்காகிவிடுகிறது. ஆகவே கோழிக் கடன் மனுக்களை ஆராய்கையில் மனுதாரரை மட்டுமன்றி அயலாரையும் கேட்டறிதல் நமது வழக்கம். ஐந்தருவி செல்லும் சாலையை அடுத்த தெரு ஒன்றில் அண்மையில் அவ்வாறு விசாரித்தோம்.

வேண்டும் என்போர் கூற்று எளியது. நாட்டுக்கோழி ஆண்டிற்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டை இடும். பிள்ளைகளுக்குப் போக மிஞ்சியது, சீசன் முடிந்து கையில் காசு ஓடாத மாதங்களில் உப்பு புளிச் செலவிற்கு ஆகும்.

வேண்டாம் என்போருள் நெசவாளர் ஒருவர் கூறியது நம்மைச் சிந்திக்க வைத்தது. பாவு நீட்டிக் கஞ்சி போட்ட காலையில் கோழி புகுந்தால் பசையைக் கொத்தி இழையை அறுக்கிறது. எச்சம் பட்ட வெண்ணூலில் கறை நின்றுவிடுகிறது. அறுந்ததைப் பிணைப்பதில் அவருக்கு அரை நாட் கூலி போயிற்று. "முட்டை அவர்களுக்கு, நட்டம் எனக்கா?" என்றார். இதற்கு நாம் என்ன விடை கூற முடியும்? நாற்றங்காலைக் கிளறிவிட்டதாகத் தோட்டக்காரர் கூறியதும் இதே வகையே. மேயவிடாமல் வலைக்குள் அடைத்து வளர்த்தாலன்றி இக்குறை தீராது.

அடைத்தால் நாற்றம் பெருகும் என்பர். இது கூளத்தைப் பொறுத்தது. ஒரு கோழிக்கு 2 சதுர அடி இடம் விட்டு, உமியை உள்ளங்கை ஆழத்திற்கு மேல் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட்டால் எச்சம் உலர்ந்துவிடும். நம் பகுதியின் தொல்லை சாரல். ஆனி, ஆடியில் கூளம் நனைந்தால் அம்மோனியா வாடையும் இரத்தக்கழிச்சலும் ஒருங்கே வரும். காற்று வரும் பக்கம் படுதா கட்டுதல் அவசியம். பழைய கூளத்தை மக்கவைத்தால் தோட்டக்காரரே கேட்டு வாங்குவார்.

நோய் பற்றிய அச்சம் வீண் அன்று. 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆலப்புழைப் பகுதியில் பறவைக் காய்ச்சல் கண்டது. அத்தகைய காலங்களில் புளியரைச் சோதனைச் சாவடியில் வாகனங்களுக்கு மருந்து தெளிப்பதை யாவரும் அறிவர். ஆயினும் கொல்லைக் கோழியை ஆண்டுதோறும் மாய்ப்பது வெள்ளைக்கழிச்சலே. முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி என்ற முறை தவறலாகாது. கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கென வழக்கமாகப் பிப்ரவரியில் முகாம் நடத்துகிறது. கோழிகள் திடீரெனப் பலவாக மடிந்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

எஞ்சியது சேவல். விடியுமுன் அது கூவுவதே தெருவாரின் பெரும்புகார். (ஐந்தருவிக்கு மேலே காட்டுக்கோழி கூவுவதைக் குறித்து எவரும் மனு எழுதுவதில்லை! நம் வீட்டுக் கோழியின் மஞ்சட் காலுக்குரிய மரபுக்கூறு அச்சாம்பல் நிறக் காட்டுக்கோழி வழி வந்தது என 2008ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது.) சேவல் இன்றியும் பெட்டை முட்டையிடும் என்பதை மனு அளித்த அம்மையார் நம்பவே இல்லை. முட்டையிடச் சேவல் வேண்டா. குஞ்சு பொரிக்கவே வேண்டும். அவருக்கு வேண்டிய அடைமுட்டையை, ஊருக்கு வெளியே தோப்பில் குடியிருக்கும் அங்கத்தினர் ஒருவர் தர இசைந்தார். 21 நாளில் குஞ்சு கிடைத்துவிடும்.

வலை அடித்த பின்னரே கடன் தொகை வழங்கப்படும். வலையைப் பார்த்துச் சரி எனக் கையொப்பமிட வேண்டியவர் அந்நெசவாளர்.